"லூகாவை வித்துட்டாங்க அண்ணா!"

2025 பிப்ரவரி 2. ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். 12 லட்சத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத நானும், என்னவோ எனக்கே லாட்டரி விழுந்த மாதிரி இரண்டாவது டம்ளர் காபியோடு பேப்பரில் மூழ்கியிருந்தேன். பதினோரு மணிக்கு போன் அடித்தது.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா பையன். டல்லாஸ் நகரத்தை ஒட்டியிருக்கிற ஃபிரிஸ்கோவில் சாஃப்ட்வேர் வேலை. அங்கே அப்போது சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. அகால நேரத்து போன் என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்குமல்லவா?

"அண்ணா... எல்லாம் போச்சுண்ணா!"

"என்னடா ஆச்சு? வேலை போயிடுச்சா?"

"லூகாவை வித்துட்டாங்கண்ணா!"

பின்னணியில் ஒரு குழந்தை தேம்பித் தேம்பி அழும் சத்தம். அவனுடைய ஒன்பது வயதுப் பையன். 77 நம்பர் போட்ட நீல பனியனோடுதான் தூங்குவான், அதோடுதான் எழுந்திருப்பான்.

ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த சித்தி பதறிப்போய் ஓடி வந்தாள். "லூகாங்கறது யாருடா? வீட்ல வளர்த்த நாய்க்குட்டியா?"

"இல்லை சித்தி. கூடைப்பந்து விளையாடறவர். ஆறரை அடி உசரம்."

"அத்தனை பெரிய மனுஷனை எப்படிடா விக்க முடியும்?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால், அந்த ராத்திரி டல்லாஸ் நகரம் முழுக்க இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது!

★ ★ ★

காலேஜ் கூடைப்பந்து டீமில் நானும் இருந்தேன். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற பதவி. அந்தத் தகுதியில் ஒரு சின்ன முன்னுரை.

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 30 டீம்கள் மோதுகிற லீக், என்.பி.ஏ. அங்கே ஆட்டக்காரர்களைக் கைமாற்றுவது பெரும்பாலும் பண்டமாற்று முறையில். உன் ஆளைக் கொடு, என் ஆளை எடுத்துக்கொள். இரண்டு பக்கச் சம்பளக் கணக்கும் விதிப்படி ஒத்துப்போக வேண்டும். இதற்குப் பெயர் 'டிரேட்'. சம்பந்தப்பட்ட ஆட்டக்காரரின் சம்மதம்? ஒப்பந்தத்தில் அதற்கென்று தனி ஷரத்து எழுதி வாங்கிய விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர, மற்றவர்களிடம் கேட்கவே வேண்டாம். நமக்காவது டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்துப் பத்து நாள் தள்ளிப் போடலாம். அங்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

லூகா டான்சிச் பிறந்தது சுமார் 20 லட்சம் பேரே வாழும் ஸ்லோவேனியாவில். பதிமூன்று வயதில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போனவர். 2018-ல் என்.பி.ஏ. தேர்வில் மூன்றாவது ஆளாக அட்லாண்டா டீம் அவரை எடுத்தது. எடுத்த கையோடு டல்லாஸ் மேவரிக்ஸுக்கு டிரேட் செய்துவிட்டது. ஆக, டிரேடில் வந்த பிள்ளை.

வந்த பிள்ளை என்ன செய்தது? முதல் வருஷமே சிறந்த புதுமுகம். 2020 முதல் 2024 வரை ஐந்து வருஷமும் தொடர்ந்து லீகின் முதல் ஐந்து பேரில் ஒருவர். 2024 ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் 73 பாயிண்ட். யாருக்கு எதிராக? தன்னைத் தள்ளிவிட்ட அதே அட்லாண்டாவுக்கு எதிராக! அந்த ஜூனில் டல்லாஸை இறுதிப் போட்டி வரை இழுத்துக்கொண்டு போனார். பாஸ்டனிடம் 4-1 என்று தோற்றார்கள். 'பரவாயில்லை, பையனுக்கு 25 வயசுதானே, இன்னும் பத்து வருஷம் இருக்கே' என்று ஊரே தேற்றிக்கொண்டது.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு வந்தது ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி என்கிற இளைஞர், 2029-க்கான ஒரு முதல் ரவுண்டு தேர்வு உரிமை. டேவிஸ் லேசுப்பட்டவர் அல்ல. எதிரியைத் தடுத்து ஆடுவதில் மன்னர். ஆனால், வயது 31 முடியப்போகிறது. அடிக்கடி காயம்.

செய்தியை முதலில் வெளியிட்ட ஈ.எஸ்.பி.என். நிருபரின் கணக்கை எவனோ திருடிவிட்டான் என்றுதான் பாதி அமெரிக்கா நினைத்தது. அந்த மனிதர், 'இது நிஜம்தான்' என்று இன்னொரு தரம் எழுத வேண்டியிருந்தது.

★ ★ ★

இதைச் செய்தவர் டல்லாஸ் டீமின் ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசன். நைக்கி கம்பெனியில் பல வருஷம் பெரிய பொறுப்பில் இருந்தவர். லேக்கர்ஸ் மேனேஜர் ராப் பெலிங்கா அவருக்குப் பழைய பழக்கம். 2025 ஜனவரி 7-ம் தேதி டல்லாஸ் ஹோட்டல் ஒன்றில் இருவரும் காபி குடித்தார்கள். அங்கேதான் பேச்சு தொடங்கியது. அப்புறம் சுமார் மூன்றரை வாரம், மூச்சுவிடாத ரகசியம். டல்லாஸ் கோச் ஜேசன் கிட்டுக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும்.

இங்கேதான் என்னுடைய பி.காம். மூளைக்குப் பொறுக்கவில்லை. லேக்கர்ஸைத் தவிர வேறு டீம்களிடம் ஹாரிசன் விலை விசாரிக்கவில்லை. நம் ஆபீசில் ஒரு சுழல் நாற்காலி வாங்க வேண்டுமென்றாலும் மூன்று கொட்டேஷன் கேட்கிறார்கள். உலகத்தின் முதல் ஐந்து ஆட்டக்காரர்களில் ஒருவரை ஒரே கொட்டேஷனில் முடித்துவிட்டார்!

ஹாரிசன் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் முட்டாள் அல்ல. 'தடுப்பாட்டம்தான் சாம்பியன்ஷிப்பைக் கொண்டுவரும்' என்பது அவர் சித்தாந்தம். லூகா தடுப்பாட்டத்தில் சுமார். உடம்பைச் சரியாக வைத்துக்கொள்வதில்லை என்று டீமுக்குள் மனத்தாங்கல். 2024 கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் கெண்டைக்காலில் அடிபட்டதிலிருந்து அவர் களத்திலேயே இறங்கவில்லை. அந்தக் கோடையில் அவருக்குப் புது ஒப்பந்தம் போட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு சுமார் 34.5 கோடி டாலர். அன்றைய கணக்கில் மூவாயிரம் கோடி ரூபாய். 'இத்தனை பணத்தை இந்த உடம்பை நம்பிப் போடலாமா?' என்று ஒரு மேனேஜர் யோசிப்பதில் தப்பே இல்லை.

லூகாவுக்கும் இதில் நஷ்டம்தான். டீம் மாறியதால் அந்தப் பெரிய ஒப்பந்தத்துக்கான தகுதியே போய்விட்டது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. கலிஃபோர்னியாவில் உச்ச விகிதம் 13.3 சதவீதம். நம்மைப் போல அவர் பட்ஜெட் பார்த்து சந்தோஷப்பட வழியில்லை.

ஆக, லெட்ஜரில் பார்த்தால் ஹாரிசன் ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார். அப்புறம் ஏன் ஊர் கொந்தளித்தது?

★ ★ ★

மறுநாளே அரங்கத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கோஷ்டி சவப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தது!

அந்த அரங்கத்துக்கு வெளியே டர்க் நோவிட்ஸ்கியின் சிலை இருக்கிறது. ஜெர்மானியர். 21 சீசன் டல்லாஸுக்கு மட்டுமே ஆடி, 2011-ல் கோப்பையும் வாங்கிக் கொடுத்த மகானுபாவர். 2022 கிறிஸ்துமஸ் அன்று திறந்த அந்தச் சிலையின் பீடத்தில், 'விசுவாசம் ஒருபோதும் மங்குவதில்லை' என்கிற பொருளில் ஒரு வாசகம். ரசிகர்கள் பூங்கொத்தையும் 77 நம்பர் பனியன்களையும் எங்கே கொண்டுவந்து வைத்தார்கள் தெரியுமா? அந்தச் சிலையின் காலடியில்! தலையங்கம் எழுதத் தெரியாத ஜனங்கள், ஆனால் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி 8. டேவிஸின் முதல் ஆட்டம். உள்ளே அவர் 26 பாயிண்ட் எடுத்துப் பிரமாதமாக ஆடிக்கொண்டிருக்க, வெளியே நூற்றுக்கணக்கானவர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே ஆட்டத்திலேயே டேவிஸுக்குக் காயம். பல வாரம் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 10. 'ஃபயர் நிகோ', அதாவது 'நிகோவை வேலையை விட்டுத் தூக்கு' என்கிற கோஷம் அரங்கத்துக்குள்ளேயே கிளம்பியது. பெரிய திரையில் தன் முகம் வந்தபோது ஒருவர் அந்த இரண்டு வார்த்தைகளைச் சத்தமில்லாமல் வாயசைத்தார். அவர் உட்படச் சிலரை வெளியே அனுப்பினார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவன் வாயை அசைத்தால் குற்றம்! அன்றைக்கே லாஸ் ஏஞ்சலஸில் லூகாவின் முதல் ஆட்டம். முன் வரிசையில் வந்து உட்கார்ந்து பார்த்தவர் யார்? டல்லாஸ் வாசலில் சிலையாக நிற்கிற அதே நோவிட்ஸ்கி.

மார்ச்சில் இன்னொரு முக்கிய ஆட்டக்காரரான கைரி இர்விங்கின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. போதாக்குறைக்கு அந்த மாதமே அடுத்த சீசன் டிக்கெட் விலையைச் சராசரியாக 8.61 சதவீதம் உயர்த்துவதாக அறிவிப்பு. இலையில் இருந்த லட்டை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு பில்லை ஏற்றினால் எப்படி இருக்கும்?

"சீசன் டிக்கெட்டை விட்டுடப் போறேண்ணா" என்றான் தம்பி.

"டீம் ஜெயிச்சா மறுபடியும் போவே" என்றேன்.

"ஜெயிக்கறது தோக்கறது இல்லண்ணா. எங்களை ஒரு பொருட்டாவே நினைக்கலையே."

அவன் சொன்னது வெறும் கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

★ ★ ★

பி.காம். இரண்டாம் வருஷம். மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற அக்கவுண்டன்ஸி வகுப்பு. பாதித் தூக்கத்தில் படித்த ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை. குட்வில், அதாவது நற்பெயர்.

ஒரு வியாபாரத்தை விலைக்கு வாங்கும்போது, அதிலிருக்கும் நிகர சொத்து மதிப்புக்கு மேல் கொடுக்கிற தொகையை குட்வில் என்று ஏட்டில் எழுதலாம். ஆனால், வருஷக்கணக்காக உழைத்துத் தானே சம்பாதித்த குட்வில்லை எழுதக்கூடாது. கணக்கியல் விதி அப்படி. அதற்கு நம்பகமாக விலை போட முடியாதாம். பாலன்ஸ் ஷீட்டில் மேஜை இருக்கும், ஃபேன் இருக்கும், பழைய டைப்ரைட்டர்கூட இருக்கும். 'இந்தக் கடைக்குத்தான் போவேன்' என்று வெயிலில் நடந்து வருகிற மனுஷனின் மனசு இருக்காது.

படிப்பு முடிந்ததும் ஒரு மோட்டார் உதிரி பாகக் கடையில் கணக்கெழுதப் போனேன். கவுண்ட்டரில் ஒரு பெரியவர். கம்ப்யூட்டர் தெரியாது, பில் போடத் தாமதம். ஆனால், வருகிற மெக்கானிக் அத்தனை பேரும் அவரை 'அண்ணாச்சி' என்பார்கள். யார் பெண்ணுக்குக் கல்யாணம், யாருக்கு இந்த வாரம் கடன் கொடுக்கலாம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருநாள் முதலாளி அவரை குடோனுக்கு மாற்றிவிட்டு, பட்டனைத் தட்டினால் பில் வருகிற மாதிரி ஒரு பையனை உட்கார வைத்தார். அந்த யோசனைக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன் அடியேன்தான். மாதம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று அடிக்கோடு வேறு போட்டேன்!

ஆறு மாதத்தில் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக எதிர்க் கடைக்கு நகர்ந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஒரு ஆள் கவுண்ட்டர்ல இல்லேன்னா இப்படியா?" என்று கேட்டார். நான் லெட்ஜரைப் புரட்டினேன். அதில் அண்ணாச்சிக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. செலவுப் பக்கத்தில்.

ஹாரிசனைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்த அடிக்கோடு ஞாபகம் வருகிறது.

2023 டிசம்பரில் மேவரிக்ஸ் டீமின் பெரும்பங்கைப் பழைய முதலாளி மார்க் க்யூபன் விற்றபோது, டீமுக்குப் போட்ட மதிப்பு சுமார் 350 கோடி டாலர். (லூகாவா, மனைவியா என்று வந்தால் விவாகரத்துக்கு வக்கீலைப் பார்க்கப் போய்விடுவேன் என்று ஒரு காலத்தில் தமாஷ் செய்தவர் இவர்.) பந்து, வலை, நாற்காலி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதில் என் தம்பி பையனின் 77 நம்பர் பனியனும் அடக்கம்.

2025 ஏப்ரலில் ஹாரிசனே பத்திரிகைக்காரர்களிடம் ஒப்புக்கொண்டார். ரசிகர்களுக்கு லூகா முக்கியம் என்று தெரியும். எந்த அளவுக்கு என்றுதான் தெரியவில்லை என்கிற அர்த்தத்தில் பேசினார். எப்படித் தெரியும்? அந்த அளவு எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது?

★ ★ ★

இது டல்லாஸுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. 1988 ஆகஸ்ட் 9-ம் தேதி கனடாவின் எட்மன்டன் ஐஸ் ஹாக்கி டீம், தன் சூப்பர் ஸ்டார் வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஆட்டக்காரர்கள், தேர்வு உரிமைகள், 1.5 கோடி டாலர் ரொக்கம். முதலாளியின் கொடும்பாவியை எரித்தார்கள். அரசாங்கமே தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்று ஒரு எம்.பி. கேட்டார்!

இரண்டே வருஷத்தில், 1990-ல், கிரெட்ஸ்கி இல்லாத எட்மன்டன் கோப்பையை வென்றது. லாஸ் ஏஞ்சலஸில் அவருக்குக் கடைசி வரை கோப்பை கிடைக்கவில்லை. கணக்குப்படி முதலாளி தோற்கவில்லை. ஆனாலும், ஊர் நினைவில் நின்றது 1990-ன் கோப்பை மட்டுமல்ல, 1988-ன் காயமும்தான்.

இவ்வளவு தூரம் போவானேன்? ஹர்திக் பாண்டியா 2023 கடைசியில் டிரேடில் மும்பைக்கு வந்து, ரோஹித் சர்மாவின் இடத்தில் கேப்டன் ஆனபோது, 2024-ல் வான்கடேயில் சொந்த ஊர் ஜனங்களே கூச்சல் போட்டார்களே! கிரிக்கெட்டோ கூடைப்பந்தோ, 'எங்கள் ஆள்' என்று ஒருவரை நம்ப வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினால், ரசிகன் தன்னையே மாற்றிவிட்ட மாதிரி உணர்கிறான்.

★ ★ ★

2025 ஏப்ரல் 9. லூகா எதிரணி உடையில் டல்லாஸ் வந்தார். தம்பி ஒரு மாச வீட்டுச் செலவைக் கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தான். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு டி-ஷர்ட். அதில் ஸ்லோவேனிய மொழியில், 'எல்லாவற்றுக்கும் நன்றி'. ஆட்டத்துக்கு முன்னால் அவருடைய பழைய ஆட்டங்களைத் திரையில் ஓட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த லூகா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்புறம் எழுந்து போய் 45 பாயிண்ட் எடுத்தார். லேக்கர்ஸ் 112-97 என்று ஜெயித்தது. எதிரணிக்காரர் கூடை போடுவதை, சொந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று ரசித்தார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். லேக்கர்ஸும் அந்த வருஷம் ஒன்றும் கிழித்துவிடவில்லை. முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று அவுட். டல்லாஸ் 39 வெற்றி, 43 தோல்வி என்று முடித்து பிளே ஆஃபுக்குள்ளேயே நுழையவில்லை. ஆனால் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்! மே மாதம் குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் தேர்வு உரிமையைத் தட்டியது. கூப்பர் ஃபிளாக் என்கிற பதினெட்டு வயது அதிசயப் பையன் டல்லாஸுக்கு வந்தான். ஆகஸ்டில் லூகா, லேக்கர்ஸோடு மூன்று வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டார். 16.5 கோடி டாலர்.

'சரி, எல்லாம் ஆறிவிடும்' என்று நானும் நினைத்தேன். ஆறவில்லை. புது சீசனில் முதல் 11 ஆட்டத்தில் 8 தோல்வி. மறுபடியும் அந்த இரண்டு வார்த்தைக் கோஷம். நவம்பர் 11-ம் தேதி ஹாரிசனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நிர்வாகம் ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வேறு எழுதியது. அந்த ஜனவரி காபிக்குப் பத்து மாதம் கழித்து வந்த பில்!

அன்றைக்கும் தம்பியிடமிருந்து போன். இந்தத் தடவை குரலில் உற்சாகம்.

"அண்ணா, ஹாரிசனைத் தூக்கிட்டாங்க!"

"அப்பாடா! பையனுக்கு சந்தோஷமா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சொன்னேண்ணா. உடனே பீரோவைத் திறந்து அந்தப் பழைய 77 பனியனை எடுத்துப் போட்டுக்கிட்டான். சின்னதாயிடுச்சு, தலையே நுழையல. இழுத்து மாட்டிக்கிட்டு வந்து, 'அப்போ லூகா திரும்பி வந்துடுவாராப்பா?'ன்னு கேக்கறான். நான் என்னண்ணா சொல்லட்டும்?"

பி.காம். படித்த என்னிடமும் பதில் இல்லை. சித்தியிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.